மவுத் மாமியின் காது

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி அவளுடைய மகள் கேட்டிருக்கிறாள். குடும்பத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமாம். நாலு வார்த்தை போதும் என்றால் இதோ: முரடி, வாயாடி, அழுத்தக்காரி, சுத்தக்காரி. கடைசி ஒன்றுதான் நல்லது. செத்தவர்களைக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் அவள் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேராகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன், புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மவுத் மாமி. மவுத் என்றால் மரணம். அவள் மாடிப்படி இறங்கி வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு, எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று பின்னாலேயே பார்ப்பார்கள். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணிப்பை. உள்ளே ஒரு சுருள் பஞ்சு, ஒரு சின்ன ஸ்பூன், சீசாவில் ஸம்ஸம் தண்ணீர், தாடையைக் கட்ட ஒரு நாடா. ஜலதோஷம் பிடித்தவன் வீட்டு வாசலில் அந்தப் பையோடு நின்றால் போதும், அவனுக்குக் குளிர்ஜுரமே வந்துவிடும்.

அவளுடைய பிழைப்பு வேறு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்டாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு. விரிப்பை நாலாக மடித்து ஓரத்தோடு ஓரம் வைத்தால் ஒரு நூல்கூடப் பிசகாது. நான் தையற்கடைக்காரி. பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைக்கிறவள். என் கடைக்கு வந்தால் தைத்து மடித்து வைத்த சீருடைகளைப் பிரித்து, மறுபடி அவள் பாணியில் மடித்துவிட்டுத்தான் போவாள். என்னைத் தையக்காரி என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னாள்: "உன் தொழில் நல்ல தொழில்தான். ஆனா கடைசித் துணிக்குத் தையல் கிடையாது, தெரியுமில்ல? கபன் துணியைச் சுத்தித்தான் கட்டுவாங்க. உன் வேலை அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடும். என் வேலை அங்கதான் ஆரம்பிக்கும்." புது மருமகளிடம் பேசுகிற பேச்சா இது? நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றார். அன்றைக்கு நின்றவர்தான், அவள் சாகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய கணவர் காகித ஆலையில் வேலை பார்த்தவர். உருளைக்குள் கை மாட்டி, ஆள் உள்ளே போய், இயந்திரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் எது காதில் விழும்? அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மகளுக்கு மூன்று.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் கபரின் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதியிருக்கிறார். செத்தவரை அவருடைய தாயின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, இப்போது இரண்டு மலக்குகள், வானவர்கள், வருவார்கள், உன் இறைவன் யார், உன் நபி யார், உன் மார்க்கம் எது என்று கேட்பார்கள், பயப்படாதே, இன்னின்ன பதில் சொல் என்று எடுத்துக் கொடுப்பது அது. பெண்கள் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போவதில்லையே. என் கணவர் திரும்பி வந்ததும் அவரை உட்கார வைத்து, ஹஜ்ரத் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மூன்று தடவை சொல்லச் சொன்னாளாம். கேட்டு முடித்துவிட்டு, "மண்ணுக்குள்ள போன பிறகு எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தாங்க. மூச்சு இருந்தப்ப ஒருத்தரும் இல்லாம போயிட்டாங்களே" என்றாளாம்.

அதற்குப் பிறகு சாகக் கிடக்கிற பெண்களின் காதுப்பக்கம் அவளைப் பார்க்கலாம். லா இலாஹ இல்லல்லாஹ் என்ற கலிமா கடைசி வார்த்தையாக அமைந்தால் சொர்க்கம் என்பார்கள். அங்கே அதை எடுத்துக் கொடுப்பதற்கும் தல்கீன் என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கிழவியிடம் ஆரம்பித்தாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மூன்று மாடி ஏறிப் போவாளாம். பிறகு தெருவில் எங்கே யாருக்கு மூச்சு மாறினாலும் டாக்டருக்கு முன்னால் இவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். இவளும் டாக்டரைவிடச் சரியாகச் சொல்வாள். மூக்கு நுனி கூராகிவிட்டது, கால் பெருவிரல் சில்லிட்டுவிட்டது, இனி மூன்று மணி நேரம் என்பாள். மூன்று மணி நேரம்தான்.

இளவட்ட மார்க்க அறிஞர் ஒருவர், கபரில் தல்கீன் ஓதுவதற்கு ஆதாரம் இல்லை என்று பெண்கள் கூட்டத்தில் பேசினார். "செத்தவங்களுக்குக் காது கேக்குமா?" என்று அவர் கேட்டதும் இவள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து, "உயிரோட இருக்கிற ஆம்பளைங்களுக்கே காது கேக்குறதில்ல தம்பி, அதுக்காக நாங்க பேசாமலா இருக்கோம்?" என்றாள். கூட்டம் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நானும் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

அவள் வேலைக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒன்று, சாகிறவரிடம் 'சொல்லு' என்று சொல்லக் கூடாது. வலியில் இருக்கிறவர் 'மாட்டேன், போ' என்று சொல்லிவிட்டால்? அதுவே கடைசி வார்த்தையாகிவிட்டால்? அதனால் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற மாதிரி, காதுப்பக்கம், மெதுவாக, இடைவெளி விட்டு லா இலாஹ இல்லல்லாஹ் என்று சொல்ல வேண்டும். இரண்டு, அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் நாமும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தொணதொணக்கக் கூடாது. மூன்று, அதன் பிறகு அந்த அறையில் யாரும் அவரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் வேறு எதையாவது பேசிவிட்டால் கலிமா கடைசி வார்த்தை இல்லை என்று ஆகிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளை, அழுகிற மருமகள்களை, 'என்னைத் தெரியுதா?' என்று கேட்கிற சொந்தக்காரர்களை அவள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன்.

நாலாவது சட்டம் ஒன்று உண்டு. அதுதான் என் வயிற்றெரிச்சல். கடைசியாகக் கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டாள். மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் உடம்பில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது அல்லவா? அதே மாதிரியாம். 'எங்க உம்மா கலிமா சொன்னாங்களா?' என்று யார் காலில் விழுந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "கேட்டது காதுக்குள்ளேயே இருக்கும்."

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் உம்மா எங்கள் வீட்டில்தான் கிடந்தார்கள், கீழ்த்தளத்தில், முன்னறையில். அது பள்ளி திறக்கிற சமயம், கடையில் சீருடை மலையாகக் கிடந்தது. உம்மா காலையில் நன்றாகத்தான் பேசினார்கள். நான் கடைக்குப் போனேன். ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. ஏழு தடவை அடித்திருக்கிறது. பார்த்ததும் கழுத்தில் டேப்பும் கையில் சாக்கட்டியுமாக ஓடினேன்.

அறைக்குள் ஆறேழு பெண்கள். ஒரு சத்தமில்லை. என் நாத்தனார் உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உம்மா ஏற்கெனவே கலிமா சொல்லியாகிவிட்டது, அந்த மௌனம்தான் அது. எனக்கு அது தெரியுமா? தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் வாசலில் கால் வைத்ததும் வாய் தானாகக் கத்தியது. "உம்மா!"

என் நாத்தனார் கையைத் தூக்கினாள். அதற்குள் உம்மா கண்ணைத் திறந்துவிட்டார்கள். என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"கேஸை மூடினியா?"

வீட்டைவிட்டு நான் எப்போது கிளம்பினாலும் கேட்கிற கேள்வி அது. என்னுடைய ஐந்தாவது வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மூடிட்டேம்மா" என்றேன். நாத்தனார் என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு உம்மாவின் காதில் மறுபடி ஆரம்பித்தாள். உம்மாவின் உதடு அசைந்தது. நான் பார்த்தேன், அசைந்தது. சத்தம் என் வரைக்கும் வரவில்லை. நாத்தனார் தன் காதை அந்த உதட்டுக்கு அருகில் வைத்திருந்தாள். அதோடு மூச்சு நின்றது.

அவள் உம்மாவின் கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், எழுந்தாள். அத்தனை பெண்களுக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லபடியா முடிச்சுப் போட்டு வெச்சிருந்தேன். நீ வந்து அவுத்துட்டே."

அதற்குப் பிறகு தெருவில் என் பெயரே மாறிவிட்டது. பெற்றவளின் கலிமாவைக் கெடுத்த மகள். ஹஜ்ரத்திடம் போய் அழுதேன். "அல்லாஹ்வோட ரஹ்மத்தை, அந்தக் கருணையை, நீங்க ஏம்மா ஜாண் கணக்கில அளக்கிறீங்க? அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க இல்ல?" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஹஜ்ரத் சொன்னது பள்ளிவாசல் சுவரைத் தாண்டாது, மவுத் மாமி சொன்னது எல்லா அடுப்படிக்கும் போகும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த உதடு என்ன சொன்னது? கலிமாவா? மறுபடியும் கேஸா? ஒரு வாரம் கழித்து அவள் குடியிருந்த மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"கேட்டது காதுக்குள்ளேயே இருக்கும்" என்றாள், கைலியை மடித்துக்கொண்டே.

"அவங்க என் உம்மா!"

"யாரா இருந்தாலும்."

"நல்லதா இருந்தா சொல்லியிருப்பீங்க. கெட்டதுன்னுதானே சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"இறங்கிப் போ, தையக்காரி. மடிச்சதைக் கலைச்சிடாதே."

பிறகு இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, குடும்பம் மொத்தமும் கூடியிருந்த இடத்தில் கத்தினேன். நீ பேய், பிணந்தின்னி, மற்றவர்கள் சாவில்தான் உனக்குச் சாப்பாடு இறங்குகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். அவளுடைய அந்தப் புருவத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல், பத்து வருஷம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, தொட்டி நிரம்பி வழியுது" என்பேன். என் கணவர் மேலே போய்ச் சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு கீழே வருவார். வேலையிலும் லிஃப்ட், வீட்டிலும் லிஃப்ட்.

அவளுக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்தபோது கை மீறிப் போயிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஸ்ட்ரெச்சர் மாடிப்படியில் திரும்பாது. அதனால் எங்கள் முன்னறையில் போட்டோம். என் உம்மா கிடந்த அதே இடம். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், "ஜன்னல் திரை கோணலா இருக்கு, தைச்சவங்ககிட்ட சொல்லு" என்றாள். தைத்தவள் பக்கத்திலேயேதான் நின்றேன்.

யார் அவளுக்கு எடுத்துக் கொடுப்பது? அவள் வேறு எவளையும் வளரவிட்டதில்லை. ஒருத்தி கத்துகிறாள், ஒருத்தி அவசரப்படுகிறாள், ஒருத்திக்கு உச்சரிப்பு சுத்தமில்லை என்று எல்லோரையும் விரட்டியிருந்தாள். ஹஜ்ரத்தின் மனைவி ஒருவருக்குத்தான் கொஞ்சம் மரியாதை தருவாள், அவர் உம்ராவுக்கு மக்கா போயிருந்தார். வெளிநாட்டில் இருந்த மகள் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்குவதாக இருந்தது. என் கணவர் பத்து மணிக்கே அழைத்து வரக் கிளம்பினார். கிளம்பும்போது மூச்சு சீராகத்தான் இருந்தது.

பத்தரைக்கு மாறியது. மூக்கு நுனியைப் பார்த்தேன், கால் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அவள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மூன்று மணி நேரம் இல்லை, அரை மணி நேரம்கூடச் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். பூட்டு தொங்கியது. வேறு வழியில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசினேன்.

"அண்ணி, கலிமா சொல்லுங்க."

கண்ணைத் திறந்தாள். "சொல்லுன்னு சொல்லாதே."

சாகும்போதும் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா? பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், காதுப்பக்கம் குனிந்தேன், லா இலாஹ இல்லல்லாஹ் என்றேன். அவளும் சொன்னாள். அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

"ரொம்ப வேகம்" என்றாள்.

போச்சு. கடைசி வார்த்தை 'ரொம்ப வேகம்' என்று ஆகிவிட்டது. மறுபடி குனிந்தேன். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன். அவளும் மெதுவாகச் சொன்னாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"பஞ்சைப் பிழிஞ்சு வை. கழுத்துல வழியுது."

"வாயை மூடிக்கிட்டுச் சாகமாட்டீங்களா அண்ணி?" என்று கேட்டே விட்டேன். ஒரு புருவம் மேலே போனது. சிரித்தாளா, வலித்ததா, தெரியவில்லை. மூன்றாவது தடவை ஆரம்பித்தோம். பஞ்சைப் பிழிந்து வைத்தேன், இடைவெளி விட்டேன், எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னேன். அவள் சொன்னாள். இந்தத் தடவை குறை ஒன்றும் வரவில்லை. கண் மூடியது.

இப்போது அறையில் நானும் அவளும் அந்த மௌனமும். போன் மேஜையில் உறுமியது. அதை எடுத்துத் தரையில் கிடந்த வேறொரு தலையணைக்கு அடியில் செருகி மேலே உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உம்மாவின் உதடு சொன்னதைத் தெரிந்த ஒரே காது இதோ என் முன்னால் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை மண்ணுக்குள் வைத்துவிடுவார்கள். கேட்டால் இப்போது கேட்க வேண்டும்.

ஒரு கேள்வி. 'ஆமா' அல்லது 'இல்ல'. அப்புறம் மறுபடி கலிமா எடுத்துக் கொடுத்தால் ஆயிற்று. மூன்று தடவை கொடுத்தவளுக்கு நாலாவது தடவை கொடுக்க முடியாதா? ஆனால் மூச்சு இருக்குமா? இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் என்ன? பத்து வருஷம் என்னைப் பேச்சில்லாமல் அலையவிட்டவள்தானே? இவளுடைய முடிச்சும் அவிழட்டுமே! உள்ளதை எழுதுவேன் என்று சொன்னேன் அல்லவா? இதுதான் உள்ளது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"உன் உம்மா…" என்றாள்.

அடுத்த மூச்சை இழுக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்தேன். நெஞ்சுக்குழி உள்ளே போய், வெளியே வர நேரமெடுத்தது. அதில் நாலு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று என் பதில், இல்லாவிட்டால் அவளுடைய கலிமா. இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை.

நான் செய்ததை நினைத்தால் எனக்கே கோபம். அவள் காதில் வாயை வைத்து, அவள் போட்ட சட்டத்தையெல்லாம் மீறி, சத்தமாக லா இலாஹ இல்லல்லாஹ் என்று கத்தினேன். அன்பினால் இல்லை. அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டாவது ஆளுடைய முடிச்சை அவிழ்த்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். அவள் என்னை முறைத்தாள். கூடையிலிருந்து துணியை எடுத்துக் கலைத்துவிட்டவளைப் பார்க்கிற முறைப்பு. பிறகு உதட்டைச் சேர்த்து, லா இலாஹ இல்லல்லாஹ் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அதற்குப் பிறகு மூச்சு உள்ளே போகவில்லை.

கண்ணை மூடினேன். அவளுடைய பையிலிருந்த நாடாவை எடுத்துத் தாடையைக் கட்டினேன். பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவளுக்காக இல்லை. என் பதிலுக்காக.

மகள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, உம்மா கலிமா சொன்னாங்களா?"

அவளைப் பார்த்தேன். அவள் பிடியில் என் விரல் வலித்தது. 'கேட்டது காதுக்குள்ளேயே இருக்கும்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பதினொரு வருஷம் நான் பட்டதை இவள் மகளும் கொஞ்சம் படட்டும். ஆனால் வாய் பேச்சைக் கேட்கவில்லை.

"சொன்னாங்கம்மா. தெளிவா சொன்னாங்க. அதுக்கப்புறம் எதுவுமே பேசலை."

அவள் என் மேல் அப்படியே சாய்ந்தாள். அப்போதுதான் அழுதாள். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. ஒரே நொடி! இதை எனக்குச் சொல்ல அவளுக்குப் பதினொரு வருஷம் போதவில்லை. மையித்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அவளை மனசுக்குள் திட்டினேன். குளிப்பாட்டும்போதும் திட்டினேன். என் கணவர் மையவாடியிலிருந்து வந்து, ஹஜ்ரத் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மலக்குகளுக்கு அவள் ஒழுங்காகப் பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும், மனிதர்களுக்குச் சொல்லத்தான் அவளுக்கு வராது.

மகளும் அவளுக்கு மகள்தானே, வாய் சும்மா இருக்குமா? மாமி எடுத்துக் கொடுத்தார்கள், மாமி காதால் கேட்டார்கள், மாமி எனக்குச் சொன்னார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அதன் பலன், இருபது நாள் கழித்து எதிர்த்தெருக் கண்ணாடிக்கடைக்காரர் கடைக்கே வந்து நின்றார். மனைவிக்கு மூச்சு மாறிவிட்டது, ஹஜ்ரத்தின் மனைவி உம்ராவிலிருந்து இன்னும் திரும்பவில்லை, நீங்கள் வர வேண்டும். மாட்டேன் என்றேன். அவர் போகவில்லை, மெஷினுக்கு முன்னாலேயே நின்றார். மாடிக்குப் போய் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு மணி நேரம் இருந்தேன். பஞ்சைப் பிழிந்துதான் வைத்தேன். 'சொல்லு' என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் உதட்டுக்கு அருகில் என் காது இருந்தது. எல்லாம் முடிந்ததும் நாடாவைக் கட்டிவிட்டு எழுந்தேன்.

மகன் கதவருகில் நின்றிருந்தான். நாற்பது வயது ஆள், கையில் கண்ணாடி வெட்டிய கீறல்கள்.

"உம்மா சொன்னாங்களா?"

நான் மிச்சப் பஞ்சைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

"மாமி மகளுக்குச் சொன்னீங்களாமே. எனக்கும் சொல்லுங்க. கலிமா சொன்னாங்களா?"

அப்போதுதான் எனக்கு அவளுடைய நாலாவது சட்டம் விளங்கியது. நல்லதை ஒருத்தருக்குச் சொல்லிவிட்டால், சொல்லாமல் விட்டதெல்லாம் கெட்டது என்று ஆகிவிடும். அவள் இருபத்தைந்து வருஷமாக, நல்லதைச் சொன்ன ஆயிரம் வாயையும் தன் காதுக்குள் பூட்டி வைத்தது, சொல்லாத பத்து வாயை மறைக்கத்தான். என் உம்மாவின் வாய் ஆயிரத்தில் ஒன்றா, பத்தில் ஒன்றா, அது இனி எனக்குத் தெரியாது. மகள் கையைப் பிடித்துக் கேட்டாள் என்று, ஒரே நொடியில் அந்தப் பூட்டை நான் உடைத்துவிட்டேன்.

அந்த அம்மா சொன்னார்களா இல்லையா என்பதை இங்கேயும் எழுத மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

"கேட்டது காதுக்குள்ளேயே இருக்கும், தம்பி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பதினொரு வருஷம் நான் மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்த்த பார்வை அது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருவில் பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.